விருந்தாளி கையில் களைக்கொத்து

ஜப்பானில் கேழ்வரகு விளைகிறது என்று சொன்னால் நம்மூரில் நம்புகிறவர்கள் குறைவு. ஷிகோகு தீவில், தோகுஷிமா மாவட்டத்தின் மேற்கு மலைகளில் அது விளைகிறது. சில இடங்களில் நாற்பது பாகை வரை சரிந்து நிற்கும் நிலம். படிப்படியாக வெட்டிச் சமன்படுத்தாமல், சரிவைச் சரிவாகவே வைத்துப் பயிர் செய்கிறார்கள். மழைக்குக் கீழே இறங்கிவிடும் மண்ணைப் பல் வைத்த கொத்தால் திரும்பவும் மேலே இழுத்து ஏற்றுகிறார்கள். இலையுதிர் காலத்தில் மலைப்புல்லை அறுத்துக் கூம்பு கூம்பாகக் குவித்து உலர்த்தி, பிறகு நறுக்கி நிலத்தில் பரப்புகிறார்கள். மண் ஓடுவது குறையும், புல் மக்கி உரமும் ஆகும். 2018இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்த முறையை உலகம் காக்க வேண்டிய வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்த பயிர். இந்தியாவுக்கு வந்து ஊன்றி, இமயமலைப் பக்கமாகக் கிழக்கே போய், கடைசியில் ஜப்பானிய மலைகளையும் எட்டியது. எனக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த அம்மையார் அந்தத் தோகுஷிமா மலைக்காரர். எழுபதைத் தாண்டியவர். சிறுவயதில் பாட்டி வீட்டில் கேழ்வரகு மாவு உருண்டை தின்று வளர்ந்தவர். தமிழ்நாட்டுக்கு வருகிறேன் என்று அவர் எழுதியபோது மாமல்லபுரம், தஞ்சாவூர் என்று நான் திட்டம் போட்டு அனுப்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: கேழ்வரகு விளைகிற மலை எதையாவது காட்ட முடியுமா? அப்படித்தான் ஆடி மாதத்தில் நாங்கள் கொல்லிமலை ஏறினோம்.

அவரை நான் அறிந்த இடத்தைச் சொல்லாமல் மலையைப் பற்றிச் சொல்ல முடியாது. கோபே நகரில், குடியிருப்புப் பகுதி ஒன்றின் சமுதாயக் கூடம் அது. வாரம் ஒருநாள் மாலையில் நீள மேசைகளை ஒட்டிப் போட்டு, ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் வெளிநாட்டவர்க்குக் காசு வாங்காமல் மொழி சொல்லிக்கொடுப்பார்கள். நான் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது.

அந்தக் கூடத்தில் ஆண்டுதோறும் சர்வதேசப் பரிமாற்ற விழா ஒன்று நடக்கும். ஜப்பான் முழுக்கச் சிற்றூர்களில்கூட இந்த விழாக்கள் உண்டு. நாட்டுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு கொடி. வியட்நாம்காரர்கள் சுருள் பண்டம் பொரிப்பார்கள், பிரேசில்காரர்கள் இறைச்சி வாட்டுவார்கள், நான் சாம்பார் சாதம் கிளறுவேன். ஜப்பானியப் பாட்டிமார் நம் பெண்களுக்கு யுகாதா உடுத்திவிடுவார்கள், நம் பெண்கள் அவர்களுக்குச் சேலை கட்டிவிடுவார்கள். முற்றத்தில் மர உரலில் பசையரிசிச் சோற்றைப் போட்டு மோச்சி இடிப்பார்கள். ஒருவர் சம்மட்டியை ஓங்கும் இடைவெளியில் இன்னொருவர் கையை விட்டு மாவைப் புரட்ட வேண்டும். தாளம் தப்பினால் விரல் போகும். நான் அதில் ஆர்வமாகக் கலந்துகொள்வேன். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மாலையில் கொடியைச் சுருட்டும்போது ஒரு குறை இருக்கும். என் பக்கத்துக் குடியிருப்புக்காரர் என் சாம்பாரைச் சாப்பிட்டிருப்பார். மறுநாள் படிக்கட்டில் பார்த்தால் பழையபடி தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார்.

இந்தக் குறையை ஜப்பானியர்களே பேசுகிறார்கள். சோறு, உடுப்பு, கூத்து என்ற மூன்றோடு பரிமாற்றம் நின்றுவிடுகிறது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் வெகுநாளாக எழுதிவருகிறார்கள். 1987இல் வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் வரவழைக்கும் ஜெட் திட்டம் தொடங்கியது. 1988இல் உள்ளாட்சிகளின் வெளிநாட்டுத் தொடர்புகளுக்கென்று ஒரு மன்றமும் அமைந்தது. அப்போது வெளிநாட்டவர் என்றால் வந்து போகிற விருந்தாளி. 1990இல் திருத்திய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த பிரேசில்காரர்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். விருந்தாளி அண்டை வீட்டுக்காரர் ஆனார். 2023 முடிவில் அந்நாட்டில் வாழும் வெளிநாட்டவர் 34 லட்சம் பேர். தோக்கியோவின் நிஷிகாசாய் பகுதியில் தீபாவளியும் பொங்கலும் கொண்டாடும் நம்மவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

கோபேயில் இந்த மாற்றத்தைச் செய்தது சட்டம் அல்ல, நிலநடுக்கம். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் ஊர் இடிந்தபோது, தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளியில் தங்கலாம் என்ற அறிவிப்புகள் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் வந்தன. அது புரியாதவர்கள் தவித்தார்கள். நாகாதா பகுதியில் கொரிய மொழியிலும் வியட்நாம் மொழியிலும் சிறு வானொலிகளைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். கடினச் சொற்களைத் தவிர்த்து எளிய ஜப்பானிய மொழியில் பேரிடர் அறிவிப்பு எழுதும் முறை வளர்ந்ததும் அதற்குப் பிறகுதான். டீச்சர் மொழி கற்பிக்க வந்ததும் அந்த ஆண்டில்தான். தண்ணீர் வாங்க வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தன்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்.

அந்தக் கூடத்தில் எனக்கு நட்பு கிடைத்த நாளும் விழா நாள் அல்ல. குளிர்காலத்தில் நடந்த பேரிடர்ப் பயிற்சி. வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, இருநூறு பேருக்குக் கூட்டாகச் சோறு வடிக்க வேண்டும். நான் முள்ளங்கி நறுக்கினேன், தண்ணீர் சுமந்தேன். தலையை மட்டும் அசைக்கும் அந்த அண்டைவீட்டுக்காரர் எனக்கு அண்டாவின் மறுகாதைப் பிடித்தார். அதற்குப் பிறகு படிக்கட்டில் நின்று பேசினோம். கொல்லிமலைக்குப் போகும்போது என் மனத்தில் இருந்தது இதுதான். வந்தவரும் இருப்பவரும் ஒரே வேலையில் கை வைக்க இடம் கிடைக்குமா என்று பார்க்க விரும்பினேன்.

நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இத்தனையாவது வளைவு என்று எண் எழுதியிருக்கிறார்கள். முள்ளுக்குறிச்சி பக்கமாக இன்னொரு பாதை இருக்கிறது, வளைவும் குறைவு. ஆனால் மலையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் இந்த எழுபதும்தான் வழி. பாதி ஏறியதும் புழுக்கம் விட்டது. மேலே போகப் போக மூடுபனியும் சாரலும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறிய தோட்டங்களும். சோளக்காட்டில் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். ஆடிவரை அங்கே பலா உண்டு. டீச்சர் சுளையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தின்றார். கடைக்காரப் பெண் காசு வாங்க மறுத்தாள். நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

கொல்லிமலையில் நாற்பதாயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ். ஊர்களை நாடு என்று பிரித்திருக்கிறார்கள்: வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு என்று போகிறது பட்டியல். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்கள் மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனதாகவும், தாங்கள் அந்த வழியில் வந்தவர்கள் என்றும் கதை சொல்கிறார்கள். இந்த மலைக்காரர்களும் ஒரு காலத்தில் வந்தேறிய விருந்தாளிகள் என்றுதான் அவர்களுடைய கதையே தொடங்குகிறது.

ஆடிப் பதினெட்டையொட்டி ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் செம்மேட்டில், இந்த மலையை ஆண்ட சங்ககாலத் தலைவன் வல்வில் ஓரிக்கு விழா. அரசு நடத்துகிறது. ஓரி சிலைக்கு மாலை, துறைவாரியாகக் கண்காட்சி அரங்குகள், மலர்க்காட்சி, வில்வித்தைப் போட்டி, கலைநிகழ்ச்சி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகிற கூட்டம் வேறு. செம்மேடு பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் தோள் இடித்து நகர வேண்டியிருந்தது. டீச்சரோடு படம் எடுத்துக்கொள்ள இளைஞர்கள் வரிசை கட்டினார்கள். அவர் எல்லோருக்கும் சிரித்து நின்றார். அரங்கு அரங்காகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மலைக்காரர்கள் பேசும் மேசை எது?" சாமை அடையும் தேனும் விற்கும் மகளிர் குழுக்களின் கடைகள் இருந்தன. மேடையில் ஆட வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் கொல்லிமலைக்காரர் உட்கார்ந்து, வந்தவர்களைப் பார்த்து நீங்கள் யார், உங்கள் ஊரில் எப்படி என்று கேட்கிற இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. கோபேயின் கொடி கட்டிய மேசைகள் நினைவுக்கு வந்தன. இரண்டு நாட்டிலும் விழா நடத்துகிறவர்கள் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

ஓரியின் கதையிலோ வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்கள் வன்பரணர் பாடியவை. காட்டில் ஒரு வேடன் எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தங்குவதைப் பாணர் கூட்டம் பார்க்கிறது. இவன் ஓரியாகத்தான் இருக்க வேண்டும் என்று விறலியரோடு சேர்ந்து பாடுகிறார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். மான்கறியும் கள்ளும், தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுக்கிறான். அடுத்த பாட்டில், அவன் கொடுத்ததை உண்டு களித்துப் பாணர்கள் பாட்டையும் ஆட்டத்தையுமே மறந்துபோகிறார்கள். நாடாண்டவன் மேடையில் உட்காரவில்லை, தானே இறைச்சி பரிமாறுகிறான். வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை, தங்கள் தொழிலைக் கொண்டுவந்தார்கள். பிறகு மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. மலையை அடைய விரும்பியவர்கள் எல்லோரும் பாடிக்கொண்டே வரவில்லை என்பதும் அந்தப் பழைய பதிவில் இருக்கிறது.

மறுநாள் விழாவை விட்டு விலகி உள்ளே போனோம். சிறுதானியக் குழுக்களோடு பழக்கமுள்ள நண்பர் ஒருவர் அழைத்துப்போனார். பேருந்து நின்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் மரவள்ளி, அதற்கும் மேலே சரிவில் சாமைக் கொல்லை. சாமை முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

கொல்லைக்காரப் பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் அக்கா என்றேன், அவர் தம்பி என்றார். டீச்சரைப் பார்த்து, "இந்தம்மா எந்தூரு?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவு தொலைவுலருந்து களையெடுக்கவா வந்தாங்க?" என்று சிரித்தார். டீச்சருக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டி, ஆமாம் என்று கை நீட்டினார். அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் களைக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, வரப்பில் கிடந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் கொல்லையின் அடியில் போய் நின்று, சரிவுக்கு முகம் கொடுத்து, மேல்நோக்கிக் கொத்தத் தொடங்கினார். அவர் பாட்டி அப்படித்தான் செய்வாராம். கொத்தும் ஒவ்வொரு முறையும் மண் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். அக்கா நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நாங்க குறுக்காப் போவோம். இப்படிப் போனா இடுப்பு ஒடியாதா?" "ஒடியும்" என்றார் டீச்சர். "ஆனால் மண் நம்மோடு இருக்கும்." அக்கா ஒரு பாத்தி அளவு அவர் முறையில் கொத்திப் பார்த்தார். டீச்சர் அக்காவின் முறையில் குறுக்காகக் கொத்தினார். இரண்டு பேரும் மற்றவரின் முறையில் ஏதோ ஒரு வசதியைக் கண்டுபிடித்தது முகத்தில் தெரிந்தது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்ததில் பாதி தேவைப்படவே இல்லை.

மதியம் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும், கேழ்வரகுக் களியும். டீச்சர் களியை விரலால் எடுத்து வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பாட்டி வீட்டு உருண்டை வெந்நீரில் பிசைந்து செய்வது, இது கிண்டிச் செய்வது, ஆனால் வாசனை அதுவேதான் என்றார்.

அக்கா வீட்டுத் தொம்பையைத் திறந்து காட்டினார். மூங்கிலும் மண்ணும் சேர்த்துக் கட்டிய பழைய குதிர். விதைச்சாமை அதில்தான். சாமையில் எத்தனை வகை என்று கேட்டதும் விரல் மடக்கினார்: பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. மழை பிந்தினால் ஒன்று, மண் இளைத்துப்போனால் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. தினையிலும் கேழ்வரகிலும் இப்படியே. ஜப்பானிலும் தினை உண்டு. புதிய பேரரசர் பட்டமேற்றதும் செய்யும் பெரும் படையலில், 2019 நவம்பரில்கூட, அரிசியோடு தினையும் வைத்தார்கள். வள்ளி காத்த தினைப்புனத்தைப் பற்றி நான் சொல்ல, அந்தப் படையலைப் பற்றி டீச்சர் சொல்ல, அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "சாமிக்கு வெக்கிறீங்க, நீங்க திங்கறீங்களா?" என்றார். சரியான கேள்வி. இப்போது அதிகம் இல்லை என்று டீச்சர் ஒப்புக்கொண்டார்.

கொல்லிமலையிலும் சாமை சுருங்கியது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குக் கை மேல் காசு கொடுத்தன. ரேஷன் அரிசி வந்தது. இந்த இரண்டுக்கும் மேலே இன்னொரு காரணத்தைப் பெண்கள் சொல்கிறார்கள். சாமையின் உமி கெட்டி. "எங்கம்மா காலத்துல விடியறதுக்கு முந்தி உரல்ல போடணும் தம்பி. குத்திக் குத்திக் கை காச்சுப்போவும். எந்தப் பொண்ணு அதைத் திரும்பச் செய்வா?" 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்துவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் அதுதான் என்பது என் கருத்து. விதை வங்கி அமைத்ததும் ரகங்களைப் பதிவு செய்ததும் பெரிய வேலைகள். ஆனால் ஊருக்குள் சாமை அரைவை இயந்திரத்தைக் கொண்டுவந்து, மகளிர் குழுவின் கையில் சாவியைக் கொடுத்தபோதுதான் சாமை திரும்பவும் அடுப்பேறியது. உலக வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 2001இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பொலிவியா, பெரு, ஈக்வடார் நாடுகளின் மலைத் தானியங்களோடு இந்த மலையின் சிறுதானியங்களும் இடம்பெற்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தாரும் பிறகு வந்தார்கள். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கொல்லிமலை பல மேடைகளில் உதாரணமாயிற்று.

சுவாமிநாதன் பெயர் வந்ததும் ஜப்பானோடு சேரும் இன்னொரு இழையை டீச்சருக்குச் சொன்னேன். 1935இல் வட ஜப்பானின் இவாதே மாவட்டத்து ஆய்வு நிலையத்தில் கோன்ஜிரோ இனாசுகா உருவாக்கிய குட்டைக் கோதுமை நோரின் 10. போருக்குப் பின், 1946இல், அமெரிக்க வேளாண் அறிஞர் ஒருவர் அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். அதன் வழித்தோன்றல்களை மெக்சிகோவில் நார்மன் போர்லாக் வளர்த்தார், 1963இல் சுவாமிநாதனின் முயற்சியில் போர்லாக் இந்தியா வந்தார், அந்தக் கோதுமை நம் வயல்களுக்கும் வந்தது. பசுமைப் புரட்சி பசியைத் தணித்தது. நெல்லும் கோதுமையும் அரசின் கவனத்தை முழுதும் எடுத்துக்கொள்ளச் சிறுதானியம் ஓரத்துக்குப் போனது. அதே சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு இந்த மலையில் சாமை விதையைத் தேடி வந்தது. இவாதேக்காரர்களும் பனிக்காற்று நெல்லைக் கருக்கிய காலங்களில் குதிரைவாலியின் உறவான ஹியே தின்று உயிர் பிழைத்தவர்கள்தான். ஒரு ஜப்பானியக் கதிர் உலகைச் சுற்றி எங்கெங்கோ போய்ச் செய்த வேலையின் நல்லதும் கெட்டதும் இந்தக் கொல்லைவரை எட்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய பரிமாற்றம் எந்த விழாவில் நடந்தது? ஆனால் அதில் கொல்லிமலைக்காரரிடமும் இவாதேக்காரரிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

அதனால்தான் அன்று மாலை அக்கா கேட்ட கேள்விகளை எல்லாவற்றையும்விட மேலாக நினைக்கிறேன். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். உங்கள் ஊரில் மகன்கள் கூட இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். அக்காவின் மகன் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் வடமாநிலத்தில் இருக்கிறான், வருவது பொங்கலுக்குத்தான். டீச்சர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இயா பள்ளத்தாக்கில் நாகோரோ என்ற சிற்றூர். ஊர்க்காரர்கள் போகப் போக, அங்கே திரும்பிவந்த ஒரு பெண்மணி, சுகிமி ஆயானோ, போனவர்களின் உருவில் துணிப்பொம்மைகள் செய்து வைக்கத் தொடங்கினார். முதல் பொம்மை காக்கை விரட்ட வைத்தது, தன் அப்பாவின் சாயலில். இப்போது பேருந்து நிறுத்தத்தில் பொம்மைகள், வயலில் பொம்மைகள், 2012இல் மூடிய பள்ளியின் வகுப்பறையில் பொம்மைப் பிள்ளைகள். வாழும் மனிதர்களைவிடப் பொம்மைகளே அதிகம்.

திண்ணையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவி கைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பள்ளிக்கூடத்த மூடறதுக்கு முந்தி யாரும் எதுவும் பண்ணலியா?" என்று கேட்டார் அக்கா. டீச்சர் தானும் அப்படி ஒரு மலையை விட்டு இறங்கிக் கோபேக்குப் போனவர்தான் என்றார். வேலை அங்கேதான் இருந்தது. இதை அவர் மொழி வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

விடைபெறும்போது அக்கா முந்தானையில் முடிந்து ஒரு கை பெருங்கேழ்வரகு விதை கொண்டுவந்தார். உங்கள் பாட்டி நிலத்தில் போட்டுப் பாருங்கள் என்றார். அதை வாங்க முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, ஆய்வுக்கோ வணிகத்துக்கோ இந்நாட்டு உயிர்வளத்தைப் பெற வெளிநாட்டவர்க்குச் சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பாட்டி நிலத்தில் விதைப்பதற்கானாலும் ஜப்பானிய விமான நிலையத்தில் பயிர்நலச் சான்று கேட்பார்கள். அக்காவுக்கு முகம் வாடியது. இந்தச் சட்டம் உங்கள் விதையை யாரும் எடுத்துப்போய்த் தன்னுடையது என்று எழுதிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்று விளக்கினேன். அதை உண்மையாகவே நம்புகிறேன். கைநிறைய நீட்டிய ஒரு தாயிடம் அதைச் சொல்வது கடினம். டீச்சர் அந்த விதையை அக்காவின் கையிலேயே மூடிவைத்து, உங்கள் தொம்பையில் இருக்கட்டும், மாவாக்கித் தாருங்கள் என்றார். ஒரு படி மாவு வந்தது.

ஆனால் அறிவுக்கு அந்தத் தடை இல்லை. கிளம்பும் நேரத்தில்தான் அக்கா உண்மையாகத் தனக்குத் தேவையானதைக் கேட்டார். "உங்க மலைல காட்டுப்பன்னி வருமா? நீங்க என்ன பண்றீங்க?" கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்றி இறங்கினால் ஒரே இரவில் கொல்லை காலி. டீச்சர் அங்கிருந்தே தோகுஷிமாவில் இன்னும் பயிர் செய்யும் தன் உறவினருக்குப் போன் போட்டார். அவர் பதில் உடனே வந்தது: சூரிய மின்வேலி, தரையிலிருந்து இருபது சென்டிமீட்டரில் ஒரு கம்பி, நாற்பதில் இன்னொன்று. பன்றி மூக்கால் தொட்டுத்தான் வேலியைச் சோதிக்கும், அதனால் கம்பி மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வாரம் ஒருமுறை அறுக்க வேண்டும். இங்கே நேரடி மின்சாரத்தில் வேலி போடுவது குற்றம், ஆள் செத்துப்போகும். சூரிய வேலிக்கும் 2023இலிருந்து தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். அதையும் சேர்த்து நான் அக்காவுக்குச் சொன்னேன்.

அவர் இரண்டு சாண் அளவைக் கையால் தரையிலிருந்து காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். தனி ஆளாகக் கட்ட முடியாது, பத்துக் கொல்லையைச் சேர்த்து ஒரே வேலியாகப் போட்டால் கட்டுப்படியாகும், குழுக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். புல்லறுக்க முறை வைத்துக்கொள்ளலாமாம். பிறகு டீச்சரிடம் இன்னொன்றைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்: அங்கே குரங்கும் வருமென்றால், அதற்கு என்ன செய்கிறார்கள்?